கோபம் மௌனமாகும் வரை: நம் பிள்ளைகளும் வகுப்பறையும்

 

பள்ளிக்கூடங்கள் திறந்து சில வாரங்கள் ஆகின்றன. புதுப் பை, புதுச் செருப்பு, புத்தகத்துக்கு அட்டை என்று எல்லாம் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். ஒரு சாமானை மட்டும் பையில் வைக்க மறந்துவிட்டோம். கோபம் வந்தால் என்ன செய்வது, அழுகை வந்தால் என்ன செய்வது, பயம் வந்தால் யாரிடம் போவது என்பதை நாம் சொல்லிக் கொடுத்து அனுப்பவில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். மிம்பரில் பேச இதெல்லாம் ஒரு விஷயமா என்று யாராவது நினைக்கலாம். கடைசிவரை கேளுங்கள்.

நம் முஹல்லாவில் ஒரு பிள்ளை. பெயர் சொல்ல மாட்டேன், தெருவும் சொல்ல மாட்டேன். அத்தாவிடம் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பு, ஏழு வயது. ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து நான் உட்கார்ந்திருந்தபோது அத்தா அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "ஹஜ்ரத், இவனுக்குக் கொஞ்சம் ஓதி ஊதி விடுங்க. சைத்தான் பிடிச்ச மாதிரி நடந்துக்கிறான். ஸ்கூல்ல டி.சி. வாங்கிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார். விஷயம் இதுதான். எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பக்கத்துப் பையன் மீது எறிந்திருக்கிறான். அந்தப் பையனுக்குப் புருவத்தில் மூன்று தையல். இதற்கு முன் இரண்டு தடவை வேறு புகார். வீட்டில் அத்தா பெல்ட்டை எடுத்துவிட்டார். பிள்ளையின் காலில் தடம் இருந்தது.

நான் ஓதி ஊதினேன். ஓதுவதில் பரக்கத் இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஊதிய கையோடு "போய் வாருங்கள்" என்று அனுப்பியிருந்தால் நான் என் கடமையைச் செய்தவனாக ஆகியிருக்க மாட்டேன். அவனிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். வாய் திறக்கவில்லை. உதடு துடிக்கிறது, கண்ணில் தண்ணீர், ஆனால் சொல் வரவில்லை. அப்போது அத்தா சொன்னார்: "அவனுக்குத் திக்கும் ஹஜ்ரத். அவசரமா கேட்டா வராது."

சகோதரர்களே, அந்த நிமிடம் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளை ஒன்றரை வருடமாக என் மக்தபில் ஓதுகிறான். அவனுக்குத் திக்குவாய் என்பது எனக்குத் தெரியாது. ஏன் தெரியவில்லை? ராகத்தோடு ஓதும்போது அவனுக்குத் திக்காது. திக்குகிற பலருக்கும் பாடும்போதும் சேர்ந்து ஓதும்போதும் நாக்கு தடங்கலின்றி ஓடும். நான் அவன் ஓதுவதை மட்டுமே கேட்டிருக்கிறேன். அவன் பேசுவதை ஒருநாளும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆறேழு மாதத்துக்கு முன் இதே பிள்ளை மக்தபில் ரிஹாலைத் தூக்கித் தள்ளிவிட்டான். நல்லவேளை, குர்ஆன் அதன் மேல் இல்லை. நான் என்ன செய்தேன்? ஏன் தள்ளினாய் என்று கேட்கவில்லை. சுவரைப் பார்த்து அரை மணி நேரம் நிற்க வைத்தேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் அடக்கவும் இல்லை. அவன் எதற்காகத் தள்ளினான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காததால் அது போய்விட்டது.

சரி, அஸருக்குப் பிறகு அவனிடம் கேள்வி கேட்பதை நிறுத்தினேன். "வா, ரப்பிஷ்ரஹ்லீ துஆ ஓதலாம்" என்றேன். பாடம் தொடங்குமுன் நம் பிள்ளைகள் தினமும் ஓதுகிற துஆதான். இரண்டு பேரும் சேர்ந்து ஓதினோம். மூன்றாவது தடவை ஓதி முடித்ததும் அவனாகவே நெஞ்சில் கைவைத்துச் சொன்னான்: "இங்க இறுக்குது." அவ்வளவுதான் சொன்னான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பாடம் வாசிக்க வேண்டும். இவன் முறை வரும்போது பக்கத்துப் பையன் இவனைப் போலவே திக்கிக் காட்டுவான். வகுப்பே சிரிக்கும். அன்றும் அதுதான் நடந்தது.

நாம் எத்தனை ஆயிரம் தடவை ஓதியிருப்போம் அந்த துஆவை! அது யாருடைய துஆ? மூஸா (அலை) அவர்களுடையது. சூரா தாஹாவில் வருகிறது. அதன் வரிசையைக் கவனியுங்கள். ஃபிர்அவ்னிடம் போ என்று அல்லாஹ் சொன்னதும் மூஸா நபி முதலில் நாக்கைப் பற்றிக் கேட்கவில்லை. முதலில் நெஞ்சை விரிவாக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். பிறகு காரியத்தை லேசாக்கக் கேட்கிறார்கள். அதற்குப் பிறகுதான் நாவின் முடிச்சை அவிழ்க்கச் சொல்லிக் கேட்கிறார்கள். சூரா ஷுஅராவிலும் இதே வரிசைதான். தம் நெஞ்சு நெருக்கடியாகிறது, நாவு ஓடுவதில்லை என்று ரப்பிடம் முறையிடுகிறார்கள். நெஞ்சு இறுகினால் நாக்கு கட்டிக்கொள்ளும். நாக்கு கட்டிக்கொண்டால் கை பேச ஆரம்பிக்கும். அந்த ஏழு வயதுப் பிள்ளை இந்த ஆயத்துகளின் தஃப்ஸீரைத் தன் நெஞ்சில் கைவைத்து எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

அல்லாஹ் இந்த முறையீட்டுக்காக மூஸா நபியைக் கண்டித்தானா? இல்லை. நீ கேட்டது கொடுக்கப்பட்டது என்றான். கூடவே அவர்கள் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள், அதையும் கொடுத்தான்.

மூஸா நபியின் வரலாற்றில் கோபமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. அல்லாஹ் எதையும் மறைக்கவில்லை. வாலிபத்தில் ஒருவனைக் குத்தினார்கள், அவன் இறந்துபோனான். உடனே வருந்தி மன்னிப்புக் கேட்டார்கள், அல்லாஹ் மன்னித்தான். சூரா கஸஸில் இருக்கிறது. பிறகு தூர் மலையிலிருந்து திரும்பி வந்து சமுதாயம் காளைக்கன்றை வணங்குவதைப் பார்த்தபோது பலகைகளைப் போட்டுவிட்டுச் சகோதரரின் தலையைப் பிடித்து இழுத்தார்கள். ஹாரூன் நபி பதிலுக்குக் கோபப்பட்டார்களா? "என் தாயின் மகனே" என்ற பொருளில் அழைத்துத் தம் நிலைமையை எடுத்துச் சொன்னார்கள். கொதிக்கிறவரைத் தாயின் உறவைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் பாருங்கள்.

அதன்பின் அந்தக் கோபம் தணிந்ததைச் சொல்ல அல்லாஹ் ஸூரா அஃராஃபில் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறான். அரபியில் 'ஸகத்த'. மௌனமாவது என்று அதற்குப் பொருள். கோபம் அணைந்தது என்றோ ஓடிப்போனது என்றோ இல்லை, மௌனமானது. அரபிக் கல்லூரியில் எங்கள் உஸ்தாத் இந்த இடத்தில் பாடத்தை நிறுத்திவிட்டுச் சொல்வார்கள்: கோபம் ஒரு ஆள் மாதிரி உள்ளே நின்று கத்துகிறது, பலகையைப் போடு, தலையைப் பிடி என்று ஏவுகிறது, அது வாய் மூடிய பிறகுதான் பலகைகளைத் திரும்ப எடுத்தார்கள் என்று. அப்போது எனக்கு அது இலக்கணப் பாடமாகத்தான் தெரிந்தது. இன்று என் மக்தபில் முப்பது பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் புரிகிறது. கோபம் கத்திக்கொண்டிருக்கும்போது நம் பிள்ளையின் காதில் நம் உபதேசம் விழாது. அது மௌனமாகும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் அந்த நேரத்தில் என்ன செய்வது? அதற்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. கோபம் வந்தவர் நின்றுகொண்டிருந்தால் உட்காரட்டும், அதிலும் போகாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. இதை அவர்கள் எப்போது அறிவித்தார்கள் தெரியுமா? முஸ்னத் அஹ்மதில் அந்தச் சம்பவம் வருகிறது. அபூதர் (ரழி) தம் தண்ணீர்த் தொட்டியில் நீர் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் வேண்டுமென்றே வம்பிழுக்க வந்து தொட்டியை உடைத்துவிட்டார். அபூதர் அவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள், பிறகு படுத்துவிட்டார்கள். ஏன் இப்படி என்று கேட்டபோதுதான் இந்த ஹதீஸைச் சொன்னார்கள்.

இப்போது நம் பள்ளிக்கூடங்களையும் மக்தபுகளையும் பாருங்கள். கோபப்பட்ட பிள்ளையை என்ன செய்கிறோம்? "எழுந்து நில்!" பெஞ்சு மேல் ஏறி நில். வெளியே போய் நில். நான் செய்தது போல, சுவரைப் பார்த்து நில். நபி (ஸல்) உட்காரச் சொன்னார்கள். நாம் நிற்க வைக்கிறோம்.

கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடும்படியும் ஹதீஸ் இருக்கிறது. இரண்டு பேர் திட்டிக்கொண்டு ஒருவரின் முகம் சிவந்தபோது, அவர் அஊது சொன்னால் அது போய்விடும் என்று நபி (ஸல்) சொன்னது புகாரியில் இருக்கிறது. உளூச் செய்யச் சொல்லும் ஹதீஸ் அபூதாவூதில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு இருக்கிறது என்பதை ஆலிம்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் முகத்தில் தண்ணீர் பட்டால் சூடு தணிவதை அனுபவத்தில் யாரும் மறுக்க முடியாது.

இதையெல்லாம் ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? பிள்ளைகளின் மூளையில் தன்னைத்தானே தடுத்து நிறுத்துகிற பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதாவது பிரேக் இன்னும் முழுதாகப் பொருத்தப்படாத சைக்கிளை அவன் ஓட்டுகிறான். "ஏன் நிறுத்தவில்லை?" என்று அடித்தால் பிரேக் வந்துவிடாது. நாம் கூடவே ஓடிச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நானும் அத்தாவும் பள்ளிக்கூடம் போய் டீச்சரைப் பார்த்தோம். போகும்போது நானும் கொஞ்சம் கோபமாகத்தான் போனேன். போய்ப் பார்த்தால் அந்த அம்மாவிடம் நாற்பத்திரண்டு பிள்ளைகள். களைத்துப் போயிருந்தார்கள். திக்கிக் காட்டுகிற விஷயம் அவர்களுக்கும் தெரியாது. தெரிந்ததும் அவர்கள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். குறை சொல்லப் போன இடத்தில் உட்கார்ந்து யோசித்தோம்.

முடிவானது இவ்வளவுதான். அவன் பேனாப் பெட்டியில் ஒரு சிவப்பு பாட்டில் மூடி இருக்கும். நெஞ்சு இறுகினால் அதை எடுத்து மேசை மேல் வைக்க வேண்டும். பேச வேண்டியதில்லை, திக்குகிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் பேச்சு வராது. டீச்சர் தலையசைப்பார்கள். அவன் வராந்தாவில் இருக்கும் குழாயில் முகம் கழுவி, உட்கார்ந்து மூன்று மிடறாகத் தண்ணீர் குடித்துவிட்டு வருவான். குழாய்க்குப் போக முடியாவிட்டால் இருந்த இடத்திலேயே மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விட வேண்டும். மெதுவாக வெளிவிடும்போது நெஞ்சுத் துடிப்பு இறங்கும், இது எல்லோர் உடம்பிலும் அல்லாஹ் வைத்திருக்கும் ஏற்பாடு. விடும்போது மனதுக்குள் "யா அல்லாஹ்" என்று சொல்லச் சொன்னேன். வாசிப்பு முறை வரும்போது தனியாக எழுப்பாமல் இன்னொரு பையனோடு சேர்ந்து வாசிக்க வைப்பதாக டீச்சர் சொன்னார்கள். மூஸாவுக்கு ஒரு ஹாரூன் கிடைத்தார்.

இதைக் கோபம் வந்த நேரத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகிறவனுக்குக் கரையில் நின்று நீச்சல் சொல்லிக் கொடுக்க முடியாது. வீட்டில் சாப்பிட்டு முடித்து, நல்ல மனநிலையில் விளையாட்டு போலப் பத்து நாள் பழக்கினார்கள். அவனுடைய நன்னிதான் டீச்சராக நடித்தார்களாம். அல்லாஹ் அவர்கள் ஆயுளில் பரக்கத் செய்வானாக.

ஆனால் எறிந்தது எறிந்ததுதான். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கோபம் வருவது குற்றமல்ல, அது நம் கையில் இல்லை. கோபத்தில் கை செய்வதற்குப் பதில் சொல்ல வேண்டும். மூஸா நபி நெஞ்சு நெருக்கடியைக் காரணம் காட்டி விட்டுவிடவில்லை, மன்னிப்புக் கேட்டார்கள். அத்தாவும் பிள்ளையும் அந்தப் பையன் வீட்டுக்குப் போனார்கள். மருத்துவச் செலவை அத்தா கொடுத்தார். பிள்ளை மன்னிப்பை வாயால் சொல்ல முடியாமல் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனான். அந்தப் பையனின் தாயாரும் மகனைக் கூப்பிட்டு, "நீ இனிமே அவனை மாதிரி பேசிக் காட்டக் கூடாது" என்று நம் பிள்ளை முன்னாலேயே சொன்னார்கள்.

சில அத்தாமார்கள் என்னிடம் கேட்பதுண்டு: "ஹஜ்ரத், பத்து வயசுல அடிக்கச் சொல்லி ஹதீஸ் இருக்கே?" இருக்கிறது. தொழுகைக்காக. ஏழு வயதில் ஏவச் சொல்லி, மூன்று வருடம் முழுக்கச் சொல்லிக் கொடுத்த பிறகு. அதற்கும் நம் ஹனஃபி ஃபிக்ஹின் துர்ருல் முக்தார் கையால்தான், கம்பால் அல்ல என்கிறது. அதன் விரிவுரையில் அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) மூன்றைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். பெல்ட் இதில் எங்கே வருகிறது? ஏழு வயதுப் பிள்ளை எங்கே வருகிறான்? மாணவர்களிடம் கடுமை காட்டினால் அவர்கள் உற்சாகம் செத்து, அடிக்குப் பயந்து பொய்யும் வஞ்சகமும் பழகுவார்கள் என்று இப்னு கல்தூன் அவர்கள் 600 வருடங்களுக்கு முன்பே முகத்திமாவில் தனி அத்தியாயம் எழுதியிருக்கிறார்கள்.

நாட்டின் சட்டமும் சொல்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. 16-வது பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. டி.சி. என்றதும் பயந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நம் சமுதாயத்தின் பள்ளிகளை நடத்துகிற பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சட்டம் உங்களைக் கேட்காமல் போகலாம், மறுமையில் கேட்கப்படாமல் போகாது.

இன்னும் ஒன்று. ஆண்பிள்ளை அழுதால் "பொட்டப்புள்ள மாதிரி அழாதே" என்கிறோம். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது அவர்கள் கண்கள் நீர் சொரிந்தன. தாங்களுமா என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) கேட்டார்கள். இது இரக்கம் என்றார்கள் நபி (ஸல்). கண் அழுகிறது, உள்ளம் கவலைப்படுகிறது, ஆனால் ரப்புக்குப் பிடித்ததையே சொல்வோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். கண்ணுக்கு ஒன்று, நாவுக்கு ஒன்று என்று எவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டிவிட்டார்கள்!

அனஸ் (ரழி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர், பால்குடி மறந்த வயது. ஒரு சிட்டுக்குருவி வைத்து விளையாடுவார். ஒருநாள் நபி (ஸல்) வந்தபோது பிள்ளை வாடியிருந்தது. என்ன ஆயிற்று என்று வீட்டாரிடம் கேட்டார்கள். குருவி செத்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு பிள்ளையிடம் திரும்பி, அபூ உமைரே, குருவி என்ன ஆனது என்று கேட்டார்கள். தெரிந்துகொண்டே கேட்டார்கள்! ஏன்? பிள்ளை தன் வாயால் சொல்லட்டும் என்பதற்காக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. குருவி என்ற சொல்லுக்கு ஒத்து வரும்படி பெயரையும் எதுகையாகச் சொன்னார்கள், பிள்ளைக்கு அதுவே ஒரு ஆறுதல். இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பாடங்களை எடுத்து ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் இப்னுல் காஸ் (ரஹ்) ஒரு நூலே எழுதினார்கள். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "வேற குருவி வாங்கித் தரேன்" என்போம். இந்தக் காலத்தில் செல்போனைக் கையில் கொடுத்துவிடுவோம். பிள்ளை அழுகையை நிறுத்தும். துக்கம் என்றால் என்ன என்பதை அது கற்றுக்கொள்ளாது.

அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். டி.சி. கொடுக்கவில்லை. முழுதாக மாறிவிட்டானா? இல்லை. போன வாரம் ஒருவன் மீது ரப்பரை எறிந்திருக்கிறான். டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "பாட்டில்ல இருந்து ரப்பருக்கு வந்துட்டான் ஹஜ்ரத்." சிவப்பு மூடியைச் சில நாள் மறந்துவிடுகிறான். மாவட்ட அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்கு அத்தா அழைத்துப் போகிறார். துஆவும் நடக்கிறது, பயிற்சியும் நடக்கிறது. அத்தா பெல்ட்டைத் தொடவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் இப்போது மகனே "அத்தா, உக்காருங்க" என்கிறானாம்.

இன்ஷா அல்லாஹ் வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு மக்தபில் பெற்றோர் கூட்டம். அம்மாமார்களுக்கு மாடியில் தனி இடம் இருக்கிறது. மக்தபின் மூலையில் ஒரு பாய் விரித்து, பக்கத்தில் பானையில் தண்ணீர் வைத்திருக்கிறோம். கோபம் வந்த பிள்ளை அங்கே போய் உட்காரலாம், யாரும் சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சுவரைப் பார்த்து நிற்க வைப்பதை நிறுத்திவிட்டேன். நான் மறந்து மறுபடியும் செய்தால் பெற்றோர்கள் வந்து என்னிடம் நேராகச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! மூஸா நபியின் நெஞ்சை விரிவாக்கியது போல் எங்கள் பிள்ளைகளின் நெஞ்சை விரிவாக்குவாயாக. அவர்கள் நாவின் முடிச்சுகளை அவிழ்ப்பாயாக. அவர்களுக்கு வகுப்பில் ஒரு ஹாரூனைத் தருவாயாக. அவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்களின் களைப்பை நீக்குவாயாக. எங்கள் கைகளால் அவர்கள் உடம்பில் விழுந்த தடங்களுக்காக எங்களை மன்னிப்பாயாக. ஆமீன்.